மூங்கில் மரமா, புல்லா?

வெளிமாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு ஒரு பெருமை உண்டு. நம் வீட்டுக் குழந்தைக்கு ஆறு வயது நிரம்புவதற்குள் நான்கு மொழிகள் காதில் ஏறிவிடும். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் இந்தி. ஆனால் எந்த மொழி எவ்வளவு ஆழம் என்று இறங்கிப் பார்த்தால், நம் தமிழ்தான் கணுக்கால் அளவில் நிற்கிறது. ‘சாப்பிட்டாயா, குளித்தாயா, பாடம் எழுதினாயா’ என்பதைத் தாண்டி அது போவதில்லை. மரம், செடி, பறவை, விலங்கு என்று பேச்சு வந்துவிட்டால் குழந்தை சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. பெற்றோரில் பலரும் கூடவே தாவிவிடுகிறோம்.

நான் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். சில ஆண்டுகளாக நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஞாயிறு தோறும் தமிழ் கற்பித்து வருகிறேன். ஒரு நாள் வகுப்பில் தென்னை, வாழை, நெல், கரும்பு, தாழை என்று ஐந்து பெயர்களை எழுதி, ‘இவற்றின் இலையைத் தமிழில் எப்படிச் சொல்வோம்?’ என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ‘இலை’ என்று ஒரே பதில் வந்தது. வெளியே காத்திருந்த ஒரு பாட்டி கதவருகில் வந்து, ‘தென்னைக்கு ஓலை, வாழைக்கு இலை, நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, தாழைக்கு மடல்’ என்று மூச்சு விடாமல் சொன்னார். அந்தப் பாட்டி பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போனவர் அல்லர். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ‘தாத்தா, எல்லாம் லீஃப்தானே? எதுக்கு இத்தனை பேரு?’ என்றான் ஒரு பையன்.

நல்ல கேள்வி. அதற்கு அன்று வகுப்பில் சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பெயர் என்பது பார்வை

இத்தனை பெயர்கள் வெறும் அலங்காரம் அல்ல. நீண்டு, கீறி, முடைவதற்கு ஏற்றதாக இருப்பது ஓலை. தடித்துச் சதைப்பற்றோடு இருப்பது மடல். தண்டைத் தழுவி வாள்போல் நீளும் கரும்பின் இலை தோகை. உதிர்ந்து காய்ந்த இலை சருகு. நெல்லின் தாள் காய்ந்தால் அதைச் சண்டு என்பார்கள். ஒவ்வொரு சொல்லும் ‘இதை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்’ என்று சொல்கிறது.

இளஞ்செடிக்கும் அப்படித்தான். நெல்லுக்கு நாற்று, மாவுக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி. பிஞ்சுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. மாவுக்கு வடு, தென்னைக்கும் பனைக்கும் குரும்பை, வாழைக்குக் கச்சல், பலாவுக்கு மூசு. மொழியறிஞர் ஞா. தேவநேயப் பாவாணர் (1902–1981) இத்தகைய சொற்களைத் தொகுத்து வகைப்படுத்தி, தமிழரின் நுட்பமான பார்வைக்குச் சான்றாகக் காட்டினார். நாமோ மாவடு ஒன்றை மட்டும் ஊறுகாய் ஜாடியில் காப்பாற்றி வைத்திருக்கிறோம்!

தொல்காப்பியர் சொன்ன புல்

நமக்குக் கிடைத்துள்ள தமிழ் நூல்களில் மிகப் பழையது எனக் கருதப்படும் தொல்காப்பியத்தின் கடைசி இயல் மரபியல். எந்த உயிரை எப்படிச் சொல்வது மரபு என்பதே அதன் பொருள். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை ஆறு படிகளாக அது அடுக்குவதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொடு உணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் முதல் படி. பிறகு நத்தை, எறும்பு, நண்டு, விலங்கு என்று ஏறி, மனம் என்னும் ஆறாம் அறிவோடு மனிதனில் முடிகிறது. இது இன்றைய உயிரியல் அல்ல. ஆனால் ஓர் ஒழுங்கான அளவுகோலை வைத்துக்கொண்டு உயிர்களைப் பிரிக்க முயன்றவர்கள் நம்மில் இருந்தார்கள் என்பது உண்மை.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது அதே இயலில் வரும் இன்னொரு பகுப்பு. வெளிப்புறம் வயிரம் பாய்ந்தது புல். உட்புறம் வயிரம் பாய்ந்தது மரம் என்கிறார் தொல்காப்பியர். காழ் என்றால் வயிரம். ஆகவே புறக்காழ் உடையவை புல், அகக்காழ் உடையவை மரம்.

பனையை அறுத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இரும்பு, நடுவே சோறு. தென்னையும் அப்படித்தான். மூங்கிலுக்கு நடுவே ஒன்றுமே இல்லை. தேக்கையோ வேம்பையோ அறுத்தால் வயிரம் நடுவில் இருக்கிறது. வெளியில் இருப்பது உளுத்துப்போகும் வெளிறு. தச்சர்கள் இன்றும் ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று தேடி வாங்குவது அந்த நடுப்பகுதியைத்தான். அப்படியானால் தொல்காப்பியர் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல் வகை!

கேட்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் 1682-ல் வெளியிட்ட நூலில் ஜான் ரே என்னும் ஆங்கில அறிஞர், விதையில் ஓர் இலை உள்ளவை, இரண்டு இலை உள்ளவை என்று தாவரங்களைப் பிரித்துக் காட்டினார். அவற்றைத்தான் பள்ளியில் ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்கிறோம். மராத்திப் பாடநூலில் ஏகபீஜபத்ரீ, த்விபீஜபத்ரீ. புல், நெல், கரும்பு, மூங்கில், தென்னை, பனை எல்லாம் ஒருவித்திலை. இவற்றின் தண்டில் நீரையும் உணவையும் கொண்டுசெல்லும் குழாய்க் கற்றைகள் சிதறிக் கிடக்கும். ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் இருக்கும். அதனால்தான் வெளிப்புறம் கெட்டி. வேம்பு, தேக்கு, புளி ஆகியவை இருவித்திலை. இவற்றில் ஆண்டுக்காண்டு புதுக் கட்டை வெளியே சேரச் சேர, பழைய கட்டை உள்ளே இறுகி வயிரமாகிறது.

இரண்டு பகுப்புகளும் முற்றிலும் ஒன்றல்ல. வெங்காயமும் ஒருவித்திலைத் தாவரம்தான். அதற்குப் புறக்காழும் இல்லை, அகக்காழும் இல்லை. ஆனாலும் நெல்லையும் பனையையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவருவதற்கு உயரத்தையும் பருமனையும் ஒதுக்கிவிட்டு உள்ளமைப்பைப் பார்க்கும் கண் வேண்டும். அந்தக் கண் நம் முன்னோருக்கு இருந்தது. உறுப்புப் பெயர்களையும் மரபியல் பிரித்தே வைக்கிறது. ஓலை, மடல், தோடு, பாளை, ஈர்க்கு, குலை என்பவை புல்லுக்கு. இலை, தளிர், கோடு, சினை, அரும்பு என்பவை மரத்துக்கு. தென்னைக்கு ஓலை என்று பாட்டி சொன்னதன் வேர் அங்கே இருக்கிறது.

ஒரு சொல்லால் வந்த வழக்கு

‘மூங்கிலைப் புல் என்றால் என்ன, மரம் என்றால் என்ன? பழைய இலக்கணம்தானே’ என்று நினைப்பவர்களுக்கு நம் மராட்டிய மாநிலத்திலேயே பதில் இருக்கிறது.

1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் ‘மரம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்போது, பனை வகைகள், மூங்கில், பிரம்பு ஆகியவற்றையும் மரத்தில் சேர்த்துவிட்டது. மரம் என்று ஆனதும் வெட்டுவதற்கும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். காட்டை நம்பி வாழும் மக்களுக்கும், சொந்த நிலத்தில் மூங்கில் வளர்த்தவருக்கும், கூடை முடைந்து பிழைப்பவருக்கும் இதனால் வந்த இடர் கொஞ்சநஞ்சமல்ல. புனேயில் புருட் ஆளிப் பக்கம் போனவர்கள் அந்தத் தொழிலைப் பார்த்திருப்பார்கள். மராத்தியில் புருட் என்பது மூங்கில் முடையும் சமூகத்தின் பெயர்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன விளைபொருள் என்று சொல்லி, அதன்மேல் காட்டுவாழ் மக்களுக்கு உரிமை தந்தது. ஆனால் பழைய சட்டத்தில் அது மரம். எது செல்லும்? கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு பழங்குடிக் கிராமம் 2009-ல் தன் காட்டின்மேல் சமூக உரிமை பெற்றது. ஆனாலும் தன் மூங்கிலை வெளியே விற்க அதற்குத் தடை இருந்தது. கிராம சபை விடாமல் போராடியது. 2011 ஏப்ரலில் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் சென்று, மூங்கிலைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரத்தைக் கிராம சபையிடமே ஒப்படைத்தார்.

கடைசியாக 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. என்ன திருத்தம் தெரியுமா? ‘மரம்’ என்பதன் விளக்கத்திலிருந்து ‘மூங்கில்’ என்ற ஒரே சொல்லை நீக்கினார்கள். காட்டுக்கு வெளியே மூங்கில் வளர்ப்பவர்களுக்கு வழி திறந்தது. தொண்ணூறு ஆண்டுகள் மரமாக இருந்த மூங்கில் மறுபடி புல் ஆயிற்று. மரபியலைப் படித்தவர் எவரும் 1927-லேயே சொல்லியிருப்பார்! எதை எந்த வகையில் சேர்க்கிறோம் என்பது புத்தகத்துச் சங்கதி மட்டும் அல்ல; ஏழையின் சோற்றுப் பானை வரைக்கும் அது போகிறது.

சிஞ்ச்வட்டும் கோளியும்

நம்மில் பலர் பிம்பரி, சிஞ்ச்வட் பக்கம் வேலை பார்த்தவர்கள். சிஞ்ச் என்றால் புளி, வட் என்றால் ஆல்; இரண்டும் சேர்ந்துதான் சிஞ்ச்வட் என்பார்கள். நம்மூர்ப் புளியங்குடியும் ஆலங்குடியும் ஒன்றாகச் சேர்ந்தது போல! வட்காவ் என்று இங்கே எத்தனை ஊர்கள்! அவையெல்லாம் ஆலமரத்து ஊர்கள்தாம்.

ஆல் இங்கே வட், அரசு பிம்பள், அத்தி உம்பர். மூன்றுக்கும் மராத்தியில் மூன்று பெயர், தமிழிலும் மூன்று பெயர். தாவரவியலில் மட்டும் மூன்றும் ‘ஃபைகஸ்’ என்ற ஒரே பேரினம். இவற்றின் பூக்கள் வெளியே தெரிவதில்லை. நாம் காய் என்று நினைக்கும் உருண்டைக்குள்ளேயே நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஒளிந்திருக்கும். சிறு குளவிகள் உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கும்.

பூ வெளியே தெரியாமல் காய்க்கும் மரங்களுக்குப் பழந்தமிழில் ஒரு பொதுப்பெயர் உண்டு: கோளி. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, கோளிகளுள் பலாவின் பழத்தைச் சிறப்பித்துப் பேசுகிறது. ஆலோடும் அத்தியோடும் பலாவுக்கு என்ன உறவு என்று கேட்கலாம். இன்றைய தாவரவியல் இவை எல்லாவற்றையும் ‘மோரேசி’ என்ற ஒரே குடும்பத்தில்தான் வைத்திருக்கிறது. முசுக்கட்டையும் அந்தக் குடும்பமே.

தசராவில் புனே மக்கள் ஒருவருக்கொருவர் ‘தங்கம்’ என்று கொடுக்கும் ஆப்டா இலையும் நமக்கு அந்நியம் அல்ல. அது நம் ஆத்தி மரம். சோழ மன்னர்களின் அடையாளப் பூ ஆத்திப் பூ. நடுவே பிளந்து இரட்டையாகத் தோன்றும் அதன் இலையைப் பார்த்துத்தான், பௌஹின் என்ற சகோதர அறிஞர்கள் இருவரைப் போல என்று எண்ணி, ‘பௌஹினியா’ என அறிவியலில் பெயர் வைத்தார்கள். இதே பேரினத்தைச் சேர்ந்த மந்தாரையின் இலையும் பிளந்தே இருக்கும். ஆகையால் தசராக் கடைகளில் ஆப்டா என்று சொல்லி மந்தாரையைக் கொடுப்பதும் உண்டு. ஆத்தி இலை சிறியது, தடித்தது, அகலம் கூடியது. மந்தாரை இலை பெரியது, மெல்லியது. அடுத்த தசராவில் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

குட்டி, கன்று, குருளை

விலங்குகளுக்கு வருவோம். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர்கள் ஒன்பதை மரபியல் சொல்கிறது. பறவைக்குப் பார்ப்பும் பிள்ளையும், யானைக்கும் எருமைக்கும் கன்று, நாய்க்கும் புலிக்கும் குருளை, ஆட்டுக்கு மறி. செடிகொடிகளுக்கும் பிள்ளை, கன்று எனலாம்; ஆனால் நெல்லுக்கும் புல்லுக்கும் அவை பொருந்தா என்று விலக்கும் வைக்கிறது. நெல்லங்கன்று என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? ஆண் யானை களிறு, பெண் யானை பிடி; ஆண் குரங்கு கடுவன், பெண் மந்தி; ஆண் மான் கலை, பெண் பிணை. பறவைகளில் ஆணைச் சேவல் எனலாம். மயிலுக்கு மட்டும் அந்தப் பெயர் ஆகாது.

மரபியலில் ‘மூங்கா’ என்று ஒரு பிராணி வருகிறது. கீரி என்று உரை சொல்வார்கள். இந்தச் சொல் தமிழ்ப் பேச்சில் இன்று இல்லை. ஆனால் வேதாள் டேக்டியில் உங்கள் முன்னால் கீரி குறுக்கே ஓடினால் பக்கத்தில் இருக்கும் மராட்டிய நண்பர் ‘முங்கூஸ்’ என்பார். ஆங்கிலத்துக்கு ‘மாங்கூஸ்’ என்ற சொல் மராத்தியிலிருந்துதான் போயிற்று. அதன் வேர் திராவிட மொழிகளில் இருப்பதாகச் சொல்லாராய்ச்சியாளர் கருதுகின்றனர். நாம் தொலைத்த சொல்லின் உறவினரை அண்டை வீட்டார் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

இரண்டு சொல் பெயர் எதற்கு?

ஊர்ப்பெயர்கள் இவ்வளவு வளமாக இருக்கும்போது லத்தீன் பெயர் எதற்கு என்று கேட்கலாம். அதற்கும் காரணம் இருக்கிறது.

ஞாபக சக்திக்கு நல்லது என்று நாம் பிரமி வாங்கப் போகிறோம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பிரமி என்றால் நீர்ப்பிரமி: ஈரத்தில் படரும் தண்டு, எதிர் எதிராகச் சிறு தடித்த இலைகள். மராட்டியத்தில் ‘ப்ராஹ்மீ’ என்றால் பலரும் எடுத்துக்கொடுப்பது நம் வல்லாரையை: சிறுநீரக வடிவில், ஓரம் பல் பல்லாக உள்ள இலை. முன்னது ‘பகோபா மொன்னியேரி’, பின்னது ‘சென்டெல்லா ஏஷியாட்டிகா’. பின்னது கொத்தமல்லியின் குடும்பம். முன்னது வேறு குடும்பம். மருந்து விஷயத்தில் இது சிறு குழப்பம் அல்ல. இதைத் தீர்க்கத்தான் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் தாவரங்களுக்கும், 1758-ல் விலங்குகளுக்கும் இரண்டு சொல் பெயர் முறையை நிலைநிறுத்தினார். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம்.

பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் அணிலைக் காட்டுவேன். மராட்டியத்தின் மாநில விலங்கு ஷேக்ரு என்னும் பெரிய மலையணில். நம் மாவட்டத்துப் பீமாசங்கர் காட்டில் அதைப் பார்க்கலாம். ‘ரட்டூஃபா இண்டிகா’ என்பது அதன் பெயர். திருவில்லிபுத்தூர் மலையில், 1988-ல் சரணாலயம் அமைத்துக் காக்கப்பட்டது சாம்பல் நிற மலையணில்; அது ‘ரட்டூஃபா மேக்ரூரா’. குலப்பெயர் ஒன்று, தனிப்பெயர் வேறு.

இந்த லத்தீன் பெயர்களுக்குள்ளும் நம் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. முருங்கை ‘மொரிங்கா’ ஆயிற்று. புங்கம் ‘பொங்கேமியா’ ஆயிற்று. நம் மாங்காய் போர்த்துகீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி, பின் ‘மாஞ்சிஃபெரா’ என்று மாம்பழம் தாங்கும் மரமாயிற்று.

புதுச் சொற்களும் நம்மிடம் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் ஆக்கினார். 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்கென்றே சங்கம் வைத்து இதழ் நடத்தினார்கள். 1954 முதல் 1968 வரை பெ. தூரன் தலைமையில் வந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் தமிழில் எதையும் எழுதலாம் என்று காட்டின. இன்று தமிழ்நாட்டில் பாலூட்டி என்பதை இலங்கையில் முலையூட்டி என்கிறார்கள்; நம் பேரினம் அங்கே சாதி. மராத்தியிலும் இந்த உழைப்பு நடந்தது. வனத்துறையில் பணியாற்றிய மாருதி சித்தம்பள்ளி, ‘பக்ஷிகோஷ்’ என்று பறவைகளுக்கே ஓர் அகராதி செய்து பல சொற்களைப் புதிதாகவும் ஆக்கினார். 2025-ல் பத்மஸ்ரீ பெற்று, அதே ஆண்டில் மறைந்தார்.

நாம் செய்யக்கூடியது

பிள்ளைகள் ஆங்கிலத்தில் உயிரியல் படிக்கட்டும். அதில் குறை இல்லை. அதோடு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். மூன்று கட்டங்கள்: தமிழ்ப் பெயர், மராத்திப் பெயர், அறிவியல் பெயர். வாரம் ஒரு செடி போதும். இலை தனி இலையா, கூட்டிலையா? எதிர் எதிராக வருகிறதா, மாறி மாறி வருகிறதா? வேர் ஆணிவேரா, சல்லிவேரா? இவற்றைப் பார்த்துத் தமிழில் இரண்டு வரி எழுதட்டும். சந்தேகம் வந்தால், காய்ந்த தாவரங்களைப் பாடம் செய்து பாதுகாக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மேற்கு மண்டல மையம் 1955 முதல் நம் புனேயில்தான் இருக்கிறது.

தொடங்குவதற்கு மண்டையிலேயே தொடங்கலாம். மஹாத்மா புலே மண்டையில் கீரை வாங்கப் போகும் தாய்மார்களுக்கும் பயன்படும் என்று ஒரு சிறு பட்டியல் தருகிறேன்:

அகத்தி – ஹாத்கா
முருங்கை – ஷேவ்கா
பசலைக்கொடி – மாயாளூ
பருப்புக்கீரை – கோள்
புளிச்சகீரை – அம்பாடீ
சேம்பு – அளூ
நாவல் – ஜாம்பூள்
வேம்பு – கடுநிம்ப்
புங்கு – கரஞ்ஜ்
இலுப்பை – மோஹ்
புரசு – பளஸ்
இலவு – சாவர்

இதில் விட்டுப்போனவை ஏராளம். உங்கள் வீட்டுப் பாட்டியிடமும், மாமியாரிடமும், ஊரிலிருந்து வரும் சித்தப்பாவிடமும் கேட்டுச் சேருங்கள். தஞ்சைக்காரர் ஒரு பெயர் சொல்வார், நெல்லைக்காரர் வேறு பெயர் சொல்வார், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். சேர்த்த பெயர்களை நம் இதழுக்கு அனுப்பினால் எல்லாருக்கும் பயன்படும். கேட்கும் காலத்தில் கேட்டுவிட வேண்டும். நமக்கு அந்தப் பெயர்களைச் சொல்லித் தர அவர்கள் இருக்கிறார்கள். நம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித் தர நாம்தான் இருக்கிறோம்.